மூச்சு வாங்குகிறது என்பதற்காக நடையை நிறுத்தலாமா?

நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்கள் வீட்டில் நாள்தோறும் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் எடுத்து வருகிறேன்." அன்பினால் சொல்லப்படும் சொல் அது. தண்ணீர் கட்டிலுக்கே வருகிறது. கடைக்குப் போவது மகனின் வேலையாகிறது. துணி உலர்த்துவது மருமகளின் வேலையாகிறது. சில மாதங்களில் குளியலறை வரை நடப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. நோய் முற்றிவிட்டது என்று குடும்பத்தார் வருந்துகின்றனர். நோய் ஓரளவு முற்றியிருக்கலாம். ஆனால் அதோடு வேறொன்றும் நிகழ்ந்திருக்கிறது. வேலையின்றிக் கால் தசைகள் மெலிந்துவிட்டன. மெலிந்த தசையே மூச்சுத்திணறலை மேலும் பெருக்குகிறது.

நுரையீரலில் ஏற்பட்ட சேதத்தை முழுவதும் சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. ஆனால் தசையின் வலிமையை மீட்க முடியும். எழுபது வயதிலும் முடியும். அளவறிந்து, முறையறிந்து செய்யும் உடற்பயிற்சி நாட்பட்ட நுரையீரல் நோய்க்கான சிகிச்சையின் ஒரு பகுதி. இதை நோயாளிகளுக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

நமது மாவட்டத்தின் நுரையீரல்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். மூச்சுக் குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று எளிதில் வெளிவர இயலாத நிலை இது. இந்தியாவில் 1990ஆம் ஆண்டில் 2.81 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாகவும், 2016ஆம் ஆண்டில் அது 5.53 கோடியாக உயர்ந்ததாகவும் மாநில வாரியான நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது.

இது புகை பிடிக்கும் ஆண்களின் நோய் என்று பலர் நினைக்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகை பிடிக்காத, 30 வயதைக் கடந்த 900 பெண்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 2.44 பேருக்கு சி.ஓ.பி.டி. இருப்பது தெரியவந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் செலவிடும் பெண்களிடம் இது 3 விழுக்காடாக இருந்தது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் கழிந்த ஆண்டுகள் நுரையீரலில் தங்கிவிடுகின்றன.

இவர்களோடு தொழில் காரணமாகப் பாதிக்கப்படுவோரும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் உருக்காலைகள், வார்ப்படப் பட்டறைகள், மாவட்டமெங்கும் உள்ள செங்கல் சூளைகள், கல் உடைக்கும் ஆலைகள், செங்குன்றத்து அரிசி ஆலைகள் ஆகியவற்றில் தூசியும் புகையும் சூழப் பல்லாண்டு உழைத்தவர்கள் இங்கு ஏராளம். வார்ப்பு மணலிலும் உடைபடும் கல்லிலும் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அதனை சிலிக்கோசிஸ் என்பர். காசநோயிலிருந்து குணமடைந்த பின்னும் நுரையீரலில் தழும்பு தங்கி, மூச்சு வாங்குவோரும் உள்ளனர். காரணம் எதுவாயினும் கடைசியில் இவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்: நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆகவே நடப்பதில்லை.

ஓய்வே மருந்து என்ற எண்ணம்

நுரையீரல் நோய்க்கு ஓய்வே மருந்து என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, சத்துள்ள உணவு, முழு ஓய்வு என்பவையே சிகிச்சை. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அவற்றுள் ஒன்று. அந்த ஊர்ப்பகுதியின் பெயரே சானடோரியம் என்று ஆகிவிட்டது.

அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வும் சென்னையிலேயே நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தும், மற்றொரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டபோது அவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது.

காசநோயும் சி.ஓ.பி.டி.யும் வெவ்வேறு நோய்கள். ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் சி.ஓ.பி.டி.யிலும் ஓய்வு பற்றிய நம்பிக்கை அதே காலத்தில்தான் ஆட்டங்கண்டது. 1952இல் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஆல்வன் பாரக்கும் அவருடைய துணைவர்களும், நுரையீரல் விரிவு நோயுள்ளவர்களைச் சிறிது சிறிதாக நடக்கப் பழக்கியபோது அவர்கள் முன்னைவிடக் கூடுதலாக நடக்க முடிந்ததைப் பதிவு செய்தனர். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று 'நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை' எனப்படும் முறை.

கால் வலுத்தால் மூச்சு எப்படிக் குறையும்?

நோயாளிகள் எங்களிடம் கேட்கும் நியாயமான கேள்வி இது: "நோய் நெஞ்சில் இருக்கிறது, காலுக்குப் பயிற்சி எதற்கு?"

பயன்படாத தசை தனக்கு வரும் ஆக்சிஜனைத் திறம்படப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கிறது. சிறிது நடந்தவுடனே அதில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதனால் உடலில் மிகும் கரியமில வாயுவை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, மூச்சு வேகமாகிறது. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சை வெளிவிட நேரம் அதிகம் தேவை. மூச்சு வேகமானால் அந்த நேரம் கிடைப்பதில்லை. பழைய காற்று முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியுள்ளது. உள்ளே காற்று தேங்கி, நெஞ்சு உப்பி, இனி இழுக்க இடமில்லை என்ற நிலை வருகிறது. அதைத்தான் நோயாளி திணறல் என்று உணர்கிறார். பயந்து உட்காருகிறார். மறுநாள் இன்னும் குறைவாக நடக்கிறார். தசை இன்னும் மெலிகிறது.

பயிற்சி இந்தச் சுழற்சியைத் தசையின் பக்கத்திலிருந்து உடைக்கிறது. தசை பழகியபின், அதே தூரத்தை நடக்க முன்பைவிடக் குறைவான மூச்சே போதுமானதாகிறது. மூச்சின் வேகம் தணிவதால் காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: பயிற்சிக்குப் பின் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதைக் கண்டு பயனில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. நடக்கும் தூரம், குளித்து முடிக்க ஆகும் நேரம், படியேறும்போது நிற்கும் தடவைகள் ஆகியவற்றிலேயே மாற்றம் தெரியும்.

இதற்கான சான்று வலுவானது. 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்து நோக்கியது. மறுவாழ்வுச் சிகிச்சை மூச்சுத்திணறலையும் களைப்பையும் குறைத்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது என்பதில் ஐயமில்லை என்றும், வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இதை மீண்டும் நிரூபிக்கத் தேவையில்லை என்றும் அது கூறியது. சிலிக்கோசிஸ் போன்ற நுரையீரல் தழும்பு நோய்களிலும், காசநோய்க்குப் பிந்தைய பாதிப்பிலும் இத்தகைய பயிற்சி பயன் தருகிறது.

தொடங்கும் முன்

பயிற்சி மருத்துவரின் பரிசோதனையோடு தொடங்க வேண்டும். இதய நோய் உண்டா, நடக்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா, மூட்டுக்கோளாறு உண்டா என்பன முதலில் தெரிய வேண்டும். பின்னர் 'ஆறு நிமிட நடைச் சோதனை' நடைபெறும். 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில், நோயாளி தம் வேகத்தில் ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பர். இடையில் நின்று இளைப்பாறலாம். அது தோல்வி ஆகாது. சில வாரங்களுக்குப் பின் அதே சோதனையில் ஏறக்குறைய 30 மீட்டர் கூடுதலாக நடந்தால், அது நோயாளி தம் அன்றாட வாழ்வில் உணரத்தக்க முன்னேற்றம் எனக் கருதப்படுகிறது.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுப்படாத நெஞ்சுவலி உள்ளவர்கள், காய்ச்சலோ சளியில் இரத்தமோ காண்பவர்கள், சளியில் காசநோய்க் கிருமி இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவர் அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு, எப்படி?

முழுமையான பயிற்சித் திட்டம் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் நீடிக்கும். வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடங்கள் அல்லது அதற்கு மேல் நடப்பது இலக்கு. இலக்கு என்றால் முதல் நாளே அடைய வேண்டியது அன்று. தொடர்ந்து நடக்க இயலாதவர் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். அவ்வாறு மொத்தம் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் ஓரிரு நிமிடங்களைக் கூட்டலாம். விட்டு விட்டு நடப்பதும் தொடர்ந்து நடப்பதைப் போலவே பயன் தரும்.

வேகத்தை எப்படி அறிவது? 'போர்க் அளவுகோல்' என்ற எளிய முறை உண்டு. மூச்சுத்திணறல் சிறிதும் இல்லை என்றால் 0. தாங்கவே முடியாத திணறல் என்றால் 10. பயிற்சியின்போது 4 முதல் 6 வரை இருக்கலாம். அதாவது ஓரளவு மூச்சு வாங்க வேண்டும். ஆனால் இடையிடையே சில சொற்கள் பேச முடிய வேண்டும். சிறிதும் மூச்சு வாங்காத நடையால் தசை வலுப்பெறாது. நின்றபின் சில நிமிடங்களில் மூச்சு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

நடையோடு தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வாரத்தில் 2 அல்லது 3 நாட்கள் தேவை. இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல உட்காருவது தொடைக்கு நல்ல பயிற்சி. வாசற்படியில் ஏறி இறங்குவது மற்றொன்று. தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ எடை. அதைக் கையில் ஏந்தித் தோள் வரை உயர்த்தி இறக்கலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்து, இளைப்பாறி, இயன்றால் மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். தலை வாருதல், துணி உலர்த்துதல் போன்ற கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளில் திணறுவோருக்குக் கைப் பயிற்சி மிகவும் உதவும்.

மூச்சை ஆளும் முறை

பயிற்சியின்போது உதடு குவித்து மூச்சு விடப் பழக வேண்டும். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் விட வேண்டும். முயற்சி தேவைப்படும் தருணத்தில் மூச்சை வெளிவிட வேண்டும்: எழும்போது, படியில் கால் வைக்கும்போது, பாட்டிலைத் தூக்கும்போது. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யக் கூடாது. திணறல் மிகுந்தால் நாற்காலியில் அமர்ந்து சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமீது ஊன்றிக்கொள்ள வேண்டும். இவ்வாறு அமரும்போது மூச்சுத் தசைகள் எளிதாக இயங்குகின்றன.

பயிற்சிக்கு முன் இன்ஹேலர் எடுக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால், 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு நிறைய உண்டவுடன் பயிற்சி கூடாது. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் பயிற்சியின்போது எந்த அளவில் வைக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். தாமாகவே குறைக்கவோ கூட்டவோ கூடாது.

எங்கே, எப்போது நடப்பது?

நம் பகுதியில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். கோடையில் வெயில் ஏறுவதற்கு முன் நடந்துவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனியோடு புகையும் தரையை ஒட்டித் தங்கும். அந்நாட்களில் பனி விலகியபின் நடப்பதே நல்லது. போகியன்று வெளியில் நடக்கவே வேண்டாம். சரக்கு லாரிகள் செல்லும் நெடுஞ்சாலையோரமும், சூளைப் புகை வீசும் திசையும் தவிர்க்கத்தக்கவை. வெளியே காற்று சரியில்லாத நாளில் வீட்டுக் கூடத்திலோ தாழ்வாரத்திலோ பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, அதிலேயே போய் வரலாம். எத்தனை முறை போய் வந்தோம் என்று எண்ணினால் தூரமும் தெரியும்.

புகையையும் தூசியையும் குறைக்காமல் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். பீடி, சிகரெட்டை விடுவதும், விறகடுப்பிலிருந்து கேஸ் அடுப்புக்கு மாறுவதும், தூசி சூழ்ந்த பணியிடம் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் சிகிச்சையின் பகுதிகளே. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தாம் செய்த வேலையின் விவரத்தையும் ஆண்டுகளையும் மருத்துவரிடம் கூறிப் பதிவு செய்துகொள்வது நன்று. தொழிலால் வரும் சில நுரையீரல் நோய்களுக்கு அச்சட்டத்தில் உரிய பாதுகாப்பு உண்டு.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், படபடப்பு, உதடோ நகமோ நீலம் பாரித்தல், ஓய்வெடுத்தும் தணியாத திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்துக. தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்போர், அளவு 88க்குக் கீழே இறங்கினால் நின்று இளைப்பாறி, அடுத்த பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். சளியின் நிறம் மாறினாலோ, அளவு கூடினாலோ, இருமல் வழக்கத்தைவிட மிகுந்தாலோ அது நோய் தீவிரமாவதன் அறிகுறி. உடனே சிகிச்சை பெறுக.

அவ்வாறு தீவிரமாகி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பும் காலம்தான் பயிற்சி மிகவும் தேவைப்படும் காலம். படுக்கையில் கிடந்த சில நாட்களிலேயே தசை வெகுவாக இளைத்துவிடும். அமெரிக்காவில் இவ்வாறு வீடு திரும்பிய ஏறத்தாழ 1,97,000 முதியோரின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குள் மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் ஓராண்டில் இறந்தோர் 7.3 விழுக்காடு, மற்றவர்களுள் 19.6 விழுக்காடு. சற்று உடல்தேறியவர்களே பயிற்சிக்கு வந்திருக்கக்கூடும் என்பதால் வேறுபாடு முழுவதற்கும் பயிற்சியே காரணம் என்று சொல்ல இயலாது. எனினும் அந்த ஆய்வில் பயிற்சியைத் தொடங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வசதி மிக்க நாட்டிலும் இச்சிகிச்சை பெரும்பாலோரைச் சென்றடையவில்லை.

குடும்பத்தாருக்கு

உங்கள் தந்தையோ தாயோ மூச்சு வாங்கி நிற்பதைக் காண்பது எளிதன்று. ஓடிச்சென்று உட்கார வைக்கத் தோன்றும். அப்போது முதலில் அவரைப் பாருங்கள்: உதடு குவித்து மூச்சு விடுகிறாரா, கேட்டதற்கு மறுமொழி சொல்கிறாரா, சில நிமிடங்களில் தணிகிறதா? அப்படியானால் அது பயிற்சியில் எதிர்பார்க்கும் மூச்சு வாங்கல்தான். அருகில் நில்லுங்கள், அது போதும். அவர் செய்யக்கூடிய வேலைகளை அவரிடமே விடுங்கள். நேரம் அதிகம் ஆனாலும் பொறுத்திருங்கள். நடக்கும்போது உடன் செல்லுங்கள், ஆனால் உங்கள் வேகத்தில் அன்று. நாட்காட்டியில் அன்றன்றைய நிமிடங்களைக் குறித்து வையுங்கள். நாலைந்து வாரங்களில் முன்னேற்றத்தை அவரே கண்ணால் காண்பார். குறைந்த நாட்களைக் கண்டு கடிந்துகொள்ள வேண்டாம். இந்நோயில் நல்ல நாளும் அல்லாத நாளும் மாறி மாறி வரும்.

எட்டு வாரத்தோடு முடித்துவிட்டால், பெற்ற பயன் ஓராண்டுக்குள் பெரிதும் கரைந்துவிடும். ஆகவே திட்டம் முடிந்தபின்னும் வீட்டில் நடை தொடர வேண்டும். மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுவதைத் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் பயிற்சி செய்ய என் இதயமும் நுரையீரலும் இடந்தருமா? என்னுடைய ஆறு நிமிட நடைத் தூரம் எவ்வளவு? நடக்கும்போது என் ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எங்கள் இயன்முறை மருத்துவர்கள் உங்களுக்கான முதல் வாரத் திட்டத்தை வகுத்துத் தருவார்கள். அது பத்து நிமிட நடையாக மட்டுமே இருக்கலாம். அதிலிருந்து தொடங்குவோம்.